ஐரோப்பாவுக்கு சாராயம் அனுப்ப முதல்: கொழும்பில இருந்து இஎம்சிஎஸ்ஸோட மல்லுக்கட்டப் போறவங்களுக்கு

நீங்க கொழும்பில ஒரு எக்ஸ்போர்ட் ஒஃபிஸ்ல டொக்கியுமென்ட் வேலை பாக்கிறீங்க, ஒரு நாள் பொஸ் வந்து "தம்பி, ஜெர்மனிக்கு தென்னஞ்சாராயம் ஒரு கொன்டெய்னர் போகுது, அங்க இஎம்சிஎஸ் எண்டு ஏதோ கேக்கினமாம், அதை ஒருக்கா பார்" எண்டு சொல்லிட்டு லஞ்சுக்குப் போயிட்டார் எண்டா, இது உங்களுக்குத்தான். எனக்கு அப்படித்தான் தொடங்கினது. முதல் ரெண்டு கிழமை நான் என்ன செய்தன் தெரியுமா, அந்த சிஸ்டத்தில ரெஜிஸ்டர் பண்ற பட்டனைத் தேடினன். இங்க கஸ்டம்ஸுக்கு அசிக்குடா எண்ட கொம்பியூட்டர் சிஸ்டம் இருக்கிற மாதிரி அங்கயும் ஒரு லொகின் எடுத்து கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) போடுற மாதிரி போட்டுடலாம் எண்டு நினைச்சு, கொட்டாஞ்சேனையில வீட்டில இரவு 12 மணி வரைக்கும் தேடினன். பட்டன் கிடைக்கேல்ல. ஏனெண்டா அப்படி ஒரு பட்டன் எங்களுக்கு இல்ல.

1. முதல்ல இது யாருட வேலை எண்டு விளங்கிக்கொள்ளுங்க

மதுவரி பொருட்கள் வரி கட்டாம, அதாவது வரியைத் தள்ளி வச்சபடி, ஒரு பண்டசாலையில இருந்து இன்னொரு இடத்துக்குப் போகேக்க ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள அதைக் கண்காணிக்கிற கொம்பியூட்டர் சிஸ்டம்தான் இஎம்சிஎஸ் (EMCS). மது மட்டுமில்ல, சிகரெட், பெற்றோல் டீசல் எல்லாம் இதுக்குள்ள வரும். 2010 ஏப்ரல் 1ல தொடங்கினது, 2011 ஜனவரியில இருந்து கட்டாயம். இப்ப நடக்கிற சட்டம் 2023 பெப்ரவரி 13ல இருந்து அமுல்ல இருக்கு, அதோட ஏற்கனவே ஒரு நாட்டில வரி கட்டின சரக்கை வேற நாட்டு வியாபாரிக்கு அனுப்புறதும் இந்த சிஸ்டத்துக்குள்ளதான் போகணும் எண்டு ஆக்கிட்டாங்க. யாராவது 2022ல எழுதின குறிப்பை அனுப்பினா கவனமா வாசிங்க.

இதுக்குள்ள போய் எழுதக் கூடியவர் ஐரோப்பாவில அனுமதி எடுத்த ஆள் மட்டும்தான். கொழும்புக் கொம்பனிக்கு அந்த அனுமதி கிடையாது. ஆனா அவங்க அடிக்கிற ஒவ்வொரு நம்பரும் எங்கட பேக்கிங் லிஸ்ட்ல இருந்துதான் போகுது. நாங்க ஒரு புள்ளியை மாத்திப் போட்டா அங்க நெதர்லாந்தில, சரக்கு இறங்கிற ரொட்டர்டாம் துறைமுகத்தில லொறி நிக்கும். என்ட அனுபவம் முழுக்க இதுதான், மிச்சம் எல்லாம் விவரம்.

2. அங்க யார் யார் இருக்கிறாங்க எண்டு எழுத்தில கேளுங்க

இறக்குமதி செய்யிற ஆளுக்கு ஒரு ஈமெயில் போடுங்க. வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், அது பிறகு தேட ஏலாது. கேக்க வேண்டியது:

துறைமுகத்தில இருந்து சரக்கை அனுப்பப் போற பதிவுபெற்ற அனுப்புநர் யார்? (இந்த ஆளுக்கு இறக்குமதி இடத்தில இருந்து அனுப்ப மட்டும்தான் அனுமதி, பண்டசாலை வச்சிருக்க ஏலாது.) கடைசியா வாங்கப் போறவர் பண்டசாலை அனுமதி உள்ளவரா, இல்லாட்டி பதிவுபெற்ற பெறுநரா? பண்டசாலைக்காரர் எண்டா வரி கட்டாம உள்ள வச்சிருந்து விக்க விக்கக் கட்டலாம். வெறும் பெறுநர் எண்டா சரக்கு கைக்கு வந்த உடனே வரிக் கடன் வந்திடும், அவரால வரியைத் தள்ளி வச்சு ஸ்டொக் பண்ண ஏலாது. ஒரே ஒரு ஷிப்மென்டுக்கு மட்டும் தற்காலிக பெறுநர் அனுமதி எடுக்கவும் வழி இருக்கு, அதுக்கு முன்கூட்டியே பிணை வைக்கணும்.

இது எங்களுக்கு ஏன் எண்டு கேப்பீங்க. காசு எப்ப வரும் எண்டது இதிலதான் தங்கியிருக்கு. வந்த உடனே வரி கட்ட வேண்டிய ஆள், எங்கட பில்லைக் கடைசியாத்தான் கட்டுவார். எங்கட ஜெர்மனி அண்ணன், அதாவது அங்க இறக்குமதி செய்யிறவர், நல்ல மனுசன், ஆனா அந்த விசயத்தில அவரும் அப்படித்தான்.

இன்னொண்டு, முதல் ஓடருக்கு டிடிபி (DDP, வரி எல்லாம் கட்டி வாசல்ல குடுக்கிற விலை) எண்டு ஒத்துக்கொள்ளாதீங்க. அந்த மூண்டு எழுத்துக்குள்ள அங்கத்தைய சுங்கம், மதுவரி, வாட் எல்லாம் எங்கட தலையில விழுந்திடும். சிஐஎஃப் (CIF, அங்கத்தைய துறைமுகம் வரைக்கும் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேந்த விலை) போதும்.

3. சீட்ல நம்பரைப் பாருங்க, ரெண்டு நம்பரையும் பாருங்க

ஐரோப்பிய ஆணைக்குழுவிட இணையத்தளத்தில சீட் (SEED) எண்டு ஒரு தேடல் பக்கம் இருக்கு. இலவசம், லொகின் வேண்டாம், கொழும்பில இருந்தே பாக்கலாம். அங்கத்தைய அனுமதிக்காரருட மதுவரி நம்பரை அடிச்சா அது செல்லுபடியாகுதா, எந்த வகைப் பொருளுக்கு அனுமதி எண்டு காட்டும். நம்பர் 13 எழுத்து, முதல் ரெண்டும் நாட்டுக் குறியீடு, ஜெர்மனி எண்டா டிஇ, நெதர்லாந்து எண்டா என்எல்.

பொறி என்னண்டா பண்டசாலைக்காரருக்கு ஒரு நம்பர், அந்தப் பண்டசாலைக் கட்டடத்துக்கு வேற ஒரு நம்பர். ரெண்டும் வேணும். எங்களுக்கு வந்த ஈமெயில்ல ஒண்டுதான் இருந்தது, மற்றது பழைய இன்வொய்ஸ்ல இருந்து யாரோ கொப்பி பண்ணினது, அந்தப் பண்டசாலையை அவங்க எப்பவோ மாத்திட்டாங்க. நான் ஒரு நம்பரை மட்டும் செக் பண்ணிட்டு "எல்லாம் சரி" எண்டு பெருமையா பொஸ்ஸுக்கு சொன்னன். அதோட பூச்சியத்துக்குப் பதிலா ஓ எழுத்து அடிக்கிற வியாதி எல்லா நாட்டிலயும் இருக்கு, அதால நம்பரை நீங்க கையால அடிக்காதீங்க, கொப்பி பேஸ்ட் மட்டும். கப்பல் ஏத்த முதல் ஒருக்கா, கப்பல் போய்ச் சேர ஒரு கிழமைக்கு முதல் ஒருக்கா எண்டு ரெண்டு தரம் தேடி ஸ்கிரீன்ஷொட் எடுத்து திகதியோட வையுங்க. இடையில அனுமதி ரத்தாகலாம்.

அனுமதி வகையையும் பாருங்க. வைனுக்கு மட்டும் அனுமதி உள்ள ஆளுக்கு சாராயம் அனுப்ப ஏலாது.

4. போத்தல் சைஸ் (இது இஎம்சிஎஸ் இல்ல, ஆனா இதை விட்டா மற்றதெல்லாம் வீண்)

எங்கட ஊர் முழுப் போத்தல் 750 மில்லி. ஐரோப்பாவில ஸ்பிரிட் வகை விக்கக் கூடிய சைஸ் சட்டத்தில இருக்கு: 100, 200, 350, 500, 700, 1000, 1500, 1750, 2000 மில்லி. 750 அதில இல்ல. 700 போத்தல் வேணும், அதுக்கு லேபல் வேற, பெட்டி வேற. உள்ளூர் ஸ்டொக்கில இருந்து எடுத்து அனுப்பலாம் எண்டு யோசிக்கிறவங்க இதிலயே நிண்டுடுங்க. லேபல்ல அல்கஹோல் வீதம் ஒரு தசம இடத்துக்கு மேல போடக் கூடாது, லேபலுக்கும் உள்ள இருக்கிறதுக்கும் 0.3 வரைக்கும்தான் வித்தியாசம் இருக்கலாம்.

5. நம்பர் ஷீட்: இதில நேரம் எடுங்க

அங்க இஎம்சிஎஸ்ல நிரப்புற மின் ஆவணத்துக்குப் பேர் இ-ஏடி (e-AD). அதுக்கு வேண்டிய நம்பர் எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல நீங்களே செய்து குடுங்க, இன்வொய்ஸைப் பாத்து அவங்க கண்டுபிடிக்கட்டும் எண்டு விடாதீங்க. அவங்களுக்கு தென்னஞ்சாராயம் எண்டா என்னெண்டே தெரியாது, ஒரு தரம் ரம் எண்டு போடப் பாத்தாங்க.

சுங்கக் குறியீடு: ஐரோப்பிய சுங்கப் பட்டியல்ல சாராயத்துக்கு எண்டே தனி இடம் இருக்கு, எனக்கு அதைக் கண்டதும் ஒரு சந்தோசம். 2 லீட்டர் வரைக்கும் உள்ள போத்தலுக்கு 22089011, அதுக்கு மேல எண்டா 22089019. 8 இலக்கமும் வேணும். இங்க எங்கட கஸ்டெக்ல போடுற குறியீட்டின்ட முதல் 6 இலக்கம்தான் உலகத்துக்குப் பொது, கடைசி இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அதால இங்கத்தையதை அப்படியே அனுப்பாதீங்க.

மதுவரிப் பொருள் குறியீடு: சாராயம் மாதிரிக் குடிக்கிற ஸ்பிரிட்டுக்கு எஸ்200. போத்தல்ல அடைச்ச கள்ளு அனுப்புறவங்களுக்கு அது டபிள்யூ200 பக்கம் போகும், காஸ் அடைச்சு நுரைக்கிற வகை எண்டா டபிள்யூ300. கள்ளு அனுப்புறவங்க இதை இறக்குமதிக்காரரோட எழுத்தில முடிவு பண்ணுங்க, ஏனெண்டா வீதம் அதோட மாறும்.

அளவு: இங்கதான் நான் விழுந்தன். இ-ஏடியில அளவு எண்ட இடத்தில போட வேண்டியது 20 பாகை செல்சியஸ்ல மொத்தத் திரவம் எத்தனை லீட்டர் எண்டது. சுத்த அல்கஹோல் லீட்டர் இல்ல. அல்கஹோல் வீதத்துக்கு வேற இடம் இருக்கு. எங்கட ஃபெக்டரிக்காரங்க சுத்த அல்கஹோல்லதான் கணக்கு வைப்பாங்க, பேக்கிங் லிஸ்ட்லயும் அதுதான் வந்தது, நானும் அப்படியே தள்ளிட்டன்.

ஒரு பலட்டை எடுங்க. 100 பெட்டி, பெட்டிக்கு 6 போத்தல், 700 மில்லி, 40 வீதம். 600 போத்தல், 420 லீட்டர். சுத்த அல்கஹோல் 168 லீட்டர். அளவுக்கு 420 எண்டு போடணும். நான் 168 எண்டு குடுத்தா அங்க அதில திரும்ப 40 வீதம் எடுத்து 67.2 லீட்டர் எண்டு வரி பாப்பாங்க. ஜெர்மனியில ஸ்பிரிட் வரி 100 லீட்டர் சுத்த அல்கஹோலுக்கு 1303 யூரோ. சரியான கணக்கில பலட்டுக்கு 2189 யூரோ வரணும், என்ட கணக்கில 876 யூரோதான் வரும். அங்கத்தைய அதிகாரிக்கு அது எழுத்துப் பிழையாத் தெரியாது, வரி ஏய்ப்பாத்தான் தெரியும். அங்கத்தைய கிளியரன்ஸ் ஏஜென்ட் கடைசி நேரத்தில பிடிச்சார், அவருக்கு இண்டைக்கும் நன்றி சொல்றன்.

வெப்பநிலை விசயமும் சின்னது இல்ல. கொழும்பு வெக்கையில அளந்த வீதத்தை 20 பாகைக்குத் திருத்தி லெப் ரிப்போர்ட்ல போட்டிருக்கா எண்டு கேளுங்க. லேபல், லெப் ரிப்போர்ட், இன்வொய்ஸ், பேக்கிங் லிஸ்ட் நாலிலயும் ஒரே வீதம் இருக்கணும். ஒண்டில 36.8, ஒண்டில 37 எண்டு "சும்மா ரவுண்ட் பண்ணினம்" எண்டு இருந்தா கேள்வி வரும்.

மிச்சம்: மொத்த எடை, தேறிய எடை ரெண்டும் கிலோவில, பெட்டி எண்ணிக்கை, பெட்டி எந்த வகை, பிராண்ட் பேர், கொன்டெய்னர் நம்பர், சீல் நம்பர்.

6. டீ1 ஆ, இ-ஏடியா?

இதை யாரும் எங்களுக்குச் சொல்லேல்ல. கப்பல் ரொட்டர்டாம்ல இறங்கினா உடனே இஎம்சிஎஸ் தொடங்காது. சுங்கம் முடிச்சு சரக்கை விடுவிச்ச பிறகுதான் பதிவுபெற்ற அனுப்புநர் இ-ஏடி போடலாம், அதில இறக்குமதி எண்ட மூலக் குறியீடும் சுங்கப் பிரகடன நம்பரும் வரணும். இன்னொரு வழி, சுங்கம் முடிக்காம டீ1 எண்ட ட்ரான்சிட்ல ஜெர்மனி வரைக்கும் கொண்டு போய் அங்க முடிக்கிறது. அந்தத் துண்டுப் பயணத்துக்கு இ-ஏடி வேண்டாம்.

எது மலிவு எண்டு பொதுவாச் சொல்ல ஏலாது, ஏஜென்ட் ஃபீஸ், பிணை, பண்டசாலை எங்க இருக்கு எண்டதைப் பொறுத்தது. ஆனா எந்த வழி எண்டது பில் ஒஃப் லேடிங் (கப்பல் சரக்குப் பத்திரம்) எழுத முதல் தெரியணும், ஏனெண்டா யாரை கொன்சைனியா, அதாவது சரக்கைப் பெறுறவராப் போடுறது எண்டது அதோட மாறும். நாங்க பில் அடிச்ச பிறகு மாத்தினம், திருத்தக் கட்டணம் ஷிப்பிங் லைனுக்குப் போச்சு.

7. பிணையும் மற்ற செலவும்

வரியைத் தள்ளி வச்சு லொறி ஓடுதெண்டா, இடையில சரக்கு காணாமப் போனா வரி யார் கட்டுறது? அதுக்குத்தான் பிணை. மேல சொன்ன பலட் 10 இருந்தா ஜெர்மன் கணக்கில கிட்டத்தட்ட 21,890 யூரோ வரி அந்தரத்தில நிக்கும். இந்தப் பிணை பொதுவா அனுப்புநருடையது, ஆனா அதுக்கு வங்கி எடுக்கிற கட்டணத்தை ஏஜென்ட் யாருட தலையில போடுறார் எண்டு கொட்டேஷன்லயே கேளுங்க. "ஹேண்ட்லிங்" எண்டு ஒரே வரியில வந்தா விடாதீங்க, பிரிச்சுக் கேளுங்க: சுங்கப் பிரகடனம் எவ்வளவு, இ-ஏடி ஒண்டுக்கு எவ்வளவு, இடம் மாத்தினா எவ்வளவு, பிணைக்கு எவ்வளவு, பண்டசாலையில பலட்டுக்கு கிழமைக்கு எவ்வளவு, கொன்டெய்னர் இலவச நாள் எத்தனை. கடைசிதான் கொல்லும். எங்கட கொன்டெய்னர் பண்டசாலை நம்பர் பிழையால 11 நாள் நிண்டது, அந்த டிமரேஜ் (தாமதக் கட்டணம்) பில்லைப் பாத்திட்டு பொஸ் ஒண்டும் பேசேல்ல, அது ஏசுறதை விட மோசம்.

நாட்டுக்கு நாடு வீதம் பெரிய வித்தியாசம். ஒன்றியத்தில ஸ்பிரிட்டுக்கு ஆகக் குறைஞ்ச வீதம் 100 லீட்டர் சுத்த அல்கஹோலுக்கு 550 யூரோ, ஜெர்மனி அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. விலை குடுக்கேக்க எந்த நாட்டுக் கடைக்குப் போகுது எண்டு தெரியாம வாயைத் திறக்காதீங்க.

8. நாள் கணக்கு

கொழும்பில இருந்து கப்பல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுத்திப் போறதெண்டா ஒரு மாசத்துக்கு மேல வையுங்க. ராஜகிரியவில மதுவரித் திணைக்களத்து அனுமதி, கஸ்டம்ஸ், லெப் ரிப்போர்ட் எல்லாம் அதுக்கு முதல். போயா நாள் ரெண்டு இடையில வந்தா எங்கட பக்கம் அப்படியே தூங்கும், அதைக் கலண்டர்ல முதலே வட்டம் போடுங்க.

இ-ஏடி வரைவை அனுப்புற திகதிக்கு 7 நாளுக்கு முதல்ல இருந்துதான் போடலாம், அதுக்கு முந்தி ஏலாது. அனுப்புற நாட்டு அதிகாரிகளின்ட சிஸ்டம் அதை சரிபாத்து ஏஆர்சி எண்ட 21 எழுத்து நம்பரைக் குடுக்கும்: முதல் ரெண்டு இலக்கம் வருசம், அடுத்தது நாட்டுக் குறியீடு, பிறகு 16 எழுத்து, கடைசி சரிபார்ப்பு இலக்கம். இது வராம லொறி வெளிக்கிடக் கூடாது. வழியில அதிகாரி மறிச்சா ட்ரைவர் இந்த நம்பரைக் காட்டணும். பயண நேரமும் அதில இருக்கும், மணித்தியாலம் எண்டா எச், நாள் எண்டா டி. ஏஜென்ட் சும்மா குறைச்சுப் போட்டா, லொறி பிந்தினா விளக்கம் குடுக்க வேண்டி வரும், அதால ஒரு நாள் கூட வைக்கச் சொல்லுங்க.

சரக்கு போய்ச் சேந்து 5 வேலை நாளுக்குள்ள வாங்கினவர் பெறுகை அறிக்கை போடணும். வேலை நாள் எண்டது அவங்கட வேலை நாள், எங்கட வெசாக் அவங்களுக்கு இல்ல, அவங்கட நத்தார் விடுமுறை எங்களை விட நீளம். டிசம்பர் 20க்குப் பிறகு சரக்கு போய்ச் சேருற மாதிரி பிளான் பண்ணாதீங்க. நேர வித்தியாசம் கோடையில மூண்டரை, குளிர்காலத்தில நாலரை மணித்தியாலம், அவங்க காலமை ஒஃபிஸ் திறக்கேக்க எங்களுக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம். ஆகவே அவசரக் கேள்வியை முதல் நாள் பின்னேரம் போட்டு வையுங்க.

9. லொறி வெளிக்கிட்ட பிறகு

லொறி வெளிக்கிட முதல் எண்டா இ-ஏடியை ரத்து செய்யலாம். வெளிக்கிட்ட பிறகு ரத்து இல்ல, இடம் மாத்திறது மட்டும்தான், அதையும் அனுப்பினவர்தான் செய்யணும். இது தெரியாம எங்கட அண்ணன் "கான்சல் பண்ணி புதுசா போடச் சொல்லுங்க" எண்டு இரவு பத்து மணிக்கு கோல் எடுத்தார்.

பெறுகை அறிக்கையில நாலு முடிவு வரலாம்: சரியா வாங்கினது, குறையோட வாங்கினது, முழுக்க மறுத்தது, பாதி மறுத்தது. போத்தல் உடைஞ்சிருந்தா "சரி விடுங்க, நாலு போத்தல்தானே" எண்டு சரியா வாங்கினதாப் போட விடாதீங்க. எண்ணிக்கையோட குறையா எழுதச் சொல்லுங்க, ஃபோட்டோ கேளுங்க. இன்சூரன்ஸ்காரன் பிறகு அந்த அறிக்கையைத்தான் கேப்பான். அதோட அறிக்கை வராட்டி அனுப்பினவருட பிணை விடுபடாது, பிணை விடுபடாட்டி அடுத்த ஷிப்மென்டுக்கு அவர் கை வைக்க மாட்டார். ஆறாம் நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, மூண்டாம் நாளே மெதுவாக் கேளுங்க, பிடிஎஃப் வாங்கி எங்கட ஃபைல்ல போடுங்க.

சிஸ்டம் விழுந்தா? விழும். அதுக்குப் பேப்பர்ல அனுப்புற மாற்று முறை இருக்கு, பிறகு சிஸ்டம் எழும்பினதும் உள்ள போடணும். ஏஜென்டுக்கு இது தெரியும், நீங்க பதறத் தேவையில்ல.

10. அரிஷ்டம், எசன்ஸ் அனுப்புறவங்களும் வாசிங்க

"நான் சாராயம் அனுப்பேல்ல, எனக்கு இது வேண்டாம்" எண்டு நினைக்காதீங்க. 1.2 வீதத்துக்கு மேல ஸ்பிரிட் அல்கஹோல் உள்ள சரக்கு வேற சுங்கத் தலைப்பில இருந்தாலும் ஐரோப்பாவில மதுவரிக்குள்ள மாட்டலாம். மருந்துக்கும் சில சுவையூட்டிக்கும் விலக்கு இருக்கு, ஆனா விலக்கு தானா வராது, அங்க கேட்டு எடுக்கணும். வனிலா எசன்ஸ், ஆயுர்வேத அரிஷ்டம் எல்லாம் லெப் ரிப்போர்ட்டோட இறக்குமதிக்காரருக்கு முதலே அனுப்பி பதில் எழுத்தில வாங்குங்க.

11. லண்டன் வேற

ஈஸ்ட்ஹாம் கடைக்கும் வெம்ப்ளி கடைக்கும் சேத்து ரொட்டர்டாம்ல இறக்கி அங்க இருந்து கொஞ்சத்தை லண்டனுக்கு அனுப்பலாம் எண்டு எல்லாருக்கும் ஒரு ஐடியா வரும், எங்களுக்கும் வந்தது. 2021 ஜனவரி 1ல இருந்து இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூண்டும் ஐரோப்பிய இஎம்சிஎஸ்க்கு வெளியில, அவங்களுக்கு சொந்தமா அதே பேர்ல வேற ஒண்டு ஓடுது. வட அயர்லாந்து மட்டும் ஐரோப்பிய சிஸ்டத்தோட ஒட்டிக்கொண்டு இருக்கு. அதால ரொட்டர்டாம்ல இருந்து லண்டனுக்கு எண்டா அது ஏற்றுமதி, ஐரோப்பிய எல்லையோட அந்த இ-ஏடி முடியும், அங்கால திரும்ப இறக்குமதி, திரும்ப ஏஜென்ட், திரும்ப பிணை. வரி வீதமும் 2023 ஓகஸ்ட் 1ல இருந்து அல்கஹோல் வீதத்தைப் பொறுத்து மாறுற புது முறை. மொத்தமா விக்கிறவருக்கு அங்க மது மொத்த வியாபாரிப் பதிவு இருக்கா எண்டும் கேளுங்க. லண்டன் சரக்குக்கு கொழும்பிலயே வேற பில், வேற பேக்கிங் லிஸ்ட் போட்டு நேரா அனுப்புங்க, ஃபைலும் வேற நிறத்தில திறங்க.